ஒரே ஒரு ஓட்டு

திருப்பனந்தாளுக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் மருதையன் ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். பதவி என்று பார்த்தால், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும், அமைச்சர் வந்தால் வெயிலில் நிற்பதும்தான். ஆனால் அவர் நடையைப் பார்த்தால், கோட்டையையே தோள்துண்டில் முடிந்து வைத்திருக்கிறார் என்று தோன்றும். பிற்பாடு இதை நினைத்து அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் உழுதது மிராசுதாரின் ஐந்து மா நிலம். அப்பா காலத்துக் குத்தகைதான், ஆனால் பதிவு கிடையாது. பதியாதவனை அறுவடை முடிந்த கையோடு வெளியேற்றிவிடலாம். விவசாயிகள் சங்கத்துக்காரர்கள், "வாங்க, எல்லாரும் சேர்ந்து தாசில்தாரைப் பார்ப்போம்" என்று கூப்பிட்டபோது மருதையன் சிரித்தார். "வரிசையில நீங்க நில்லுங்க. எனக்கு அமைச்சரே முடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்காரு." பொய்யில்லை. தேர்தல் முடியட்டும், மாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அமைச்சர் சொல்லித்தான் இருந்தார். மிராசுதாரை எட்ட நிறுத்தியிருந்தது அந்த ஒரு வாக்குதான்.

எண்பதாம் வருஷத்துத் தில்லித் தேர்தல் வந்தது. பிரசாரக் கூட்டத்தில் மருதையன் அமைச்சருக்குச் சால்வை போர்த்தினார். அமைச்சர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ரொம்ப சந்தோஷம், வீரையன்" என்றார். வீரையன் அடுத்த ஊர்க் கிளைச் செயலாளர். பக்கத்திலேயே நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மருதையனுக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டுச்சாவடி மறைப்புக்குள் போனதும் அந்தக் கடுப்பு திரும்பவும் கிளம்பியது. இது தில்லிக்குத்தானே, சென்னையில் நம்ம ஆட்சி எங்கே போய்விடப்போகிறது? ஒரு ஓட்டால் என்ன குறைந்துவிடும், அமைச்சருக்குச் சுருக்கென்று உறைத்தால் சரி. எதிர்க்கட்சிச் சின்னத்தில் முத்திரையைக் குத்தினார். வெளியே வந்து, பெண்கள் வரிசையில் நின்ற மனைவி அம்சத்திடம், "மறக்காம நம்ம சின்னத்துல குத்து" என்று உபதேசமும் செய்தார்.

முடிவு வந்தபோது மாநிலம் முழுக்க ஆளுங்கட்சிக்கு இரண்டே இடம். கிளைச் செயலாளர்கள் கூட்டத்தில் மாவட்டச் செயலாளர், "நம்ம ஓட்டெல்லாம் எங்கய்யா போச்சு?" என்று கேட்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வீரையன் குனிந்து செருப்பைத் தேடினார். உறைக்க வைக்க நினைத்தவர் தாம் ஒருவர் மட்டுமில்லை என்று மருதையனுக்கு அப்போதுதான் புரிந்தது.

மாசி பிறந்ததும், மக்கள் ஆதரவு போய்விட்டது என்று சொல்லித் தில்லி மாநில ஆட்சியையே கலைத்துவிட்டது. அமைச்சர் முன்னாள் அமைச்சர் ஆனார். அந்த வாரமே, அறுத்த தாள் நின்ற ஐந்து மாவில் மிராசுதாரின் டிராக்டர் இறங்கியது. பதிவு செய்துகொண்ட சங்கத்துக்காரர்களின் வயல்களைச் சுற்றிக்கொண்டுதான் வந்தது.

அம்சம் வரப்பில் நின்று பார்த்தாள். பிறகு குனிந்து, உழுத மண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றினாள். "கட்சியில இருந்துகிட்டே மாத்திக் குத்துனவன் எவனோ, அவன் குடும்பம் வெளங்காமப் போவட்டும்."

மண் மருதையன் தலையிலும் விழுந்தது. அதைத் தட்டிவிட அவருக்குக் கை வரவில்லை. வேண்டாம் என்று தடுக்கலாம்தான், ஆனால் ஏன் என்று கேட்பாளே.

"நீங்க ஏன் சும்மா நிக்கிறீங்க? உங்க நெலந்தானே போவுது. தூத்துங்க" என்றாள்.

அவர் குனிந்து ஒரு பிடி மண் எடுத்து வீசினார். "அவன் வெளங்கவே மாட்டான்."

டிராக்டர் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க" என்றாள்.

மருதையன் சத்தமாகச் சொன்னார்.