முப்பத்துநாலாவது கம்பம்

"பிள்ளை, அந்தப் படம் எங்கை?" என்று நிக்கலஸ் குனிந்து மெதுவாகக் கேட்டபோது, ஜெகதீஸ்வரி அப்பாவின் காலடியில் உதிர்ந்த பூக்களை அள்ளிக்கொண்டிருந்தாள். சாவீட்டில் கேட்கிற கேள்வியா இது! ஆனால் அப்பாவோடு வேலை செய்த அந்த மனுஷனையும் குறை சொல்ல ஏலாது. நாலு மணிக்கு முதல் மின்சாரக் கந்தோரில் படத்தைக் கொடுக்காவிட்டால் களனி ஆற்றுக்கு அப்பாலுள்ள அந்த ஊருக்கு இந்த வருஷமும் கரண்ட் இல்லை.

அப்பா நமசிவாயம் மின்கம்பி இழுக்கப் படம் போடுகிறவர். நாற்பத்தொரு கம்பம் வேண்டிய இடத்தில் முப்பத்துமூன்றோடு முடித்துக் காட்டுவார். கம்பங்களைத் தள்ளித் தள்ளி நட்டால் செலவு குறையும், கம்பி தொய்யும். எவ்வளவு தொய்ய விடலாம் என்பதில்தான் மனுஷனின் கெட்டித்தனமே இருந்தது. கடைசி மூன்று கிழமையும் படுக்கையில் கிடந்து இந்தப் படத்தையும் அப்படித்தான், முப்பத்துமூன்று கம்பத்தோடு, பென்சிலால் கீறினார்; மகள் அதன்மேல் தாள் வைத்து மை போட்டாள். அவளைக் கந்தோரில் படம் கீறும் வேலைக்கு எடுப்பதாக நிக்கலஸ் வாக்குக் கொடுத்திருந்தார்.

விடிந்ததிலிருந்து அவள் ஓரிடத்தில் இருக்கவில்லை. ஹோலுக்கு வருவாள், அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள், உள்ளே ஓடிப் படத்தை விரிப்பாள். விகாரை ஒழுங்கையைக் கடக்கிற இடத்தில் கம்பி பதினாறடிக்குத் தொய்கிறது. லொறிக்கு அந்த உயரம் காணும். பெரஹரா ஊர்வல யானைக்கு? அதன் முதுகில் பேழை, பேழைக்கு மேல் விதானம். தொட்டால் யானையும் போச்சு, மேலே இருக்கிறவனும் போச்சு. தன் கைதான் பிழை விட்டதோ என்று பென்சில் தாளை எத்தனை தரம் பார்த்திருப்பாள்! பிழை அப்பாவின் கோட்டில்தான்.

மூன்று மணிக்குப் பிரேதம் எடுக்க வேண்டும். வெள்ளவத்தைச் சனம் முழுக்க ஹோலில் நின்றது.

"அவற்ற கடைசி வேலை," என்றார் நிக்கலஸ் எல்லாருக்கும் கேட்க. "ஒருநாளும் பிழை விடாத மனுஷன்."

அவள் உள்ளே போய்ப் படத்தை எடுத்து வந்தாள்.

"அங்கிள், விகாரையடியில இன்னுமொரு கம்பம் வேணும். யானை போற பாதை. மை போடேக்க நான்தான் விட்டிட்டன்."

நிக்கலஸ் அவளையே பார்த்தார். "பென்சில் படம் எங்கை?"

"கிழிச்சுப் போட்டன்."

"முப்பத்தஞ்சு கம்பம் வரைக்கும் காசு காணும் எண்டு அவருக்குச் சொன்னனான்," என்றார் அவர், மெல்ல.

ஐயோ அப்பா, பிறகும் ஏன் முப்பத்துமூண்டோட நிப்பாட்டினீங்கள்! கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

"பொம்பிளைப் பிள்ளையட்ட இந்த வேலையைக் குடுக்காதேங்கோ எண்டு அண்ணைக்குத் தலைதலையா அடிச்சுச் சொன்னனான்," என்றாள் அப்பாவின் தங்கை இரத்தினம்மா. "கேட்டாரே!"

ஜெகதீஸ்வரி மைப் பேனாவை எடுத்தாள். படத்தை மேசையில் விரித்து, விகாரையடியில் முப்பத்துநாலாவது கம்பத்துக்கு ஒரு சின்ன வட்டம் போட்டாள். அவளுக்குத் தருவதாகச் சொன்ன கந்தோர் வேலையைப் பற்றி நிக்கலஸ் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வாய்க்கரிசி போட அவளைக் கூப்பிட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ, மை காயேல்லை," என்று குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள்.