மஞ்சள் எடுத்த ரோபோ

“நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணி…”

“நீ சொன்னதைத்தான் பண்ணேன்! ‘மஞ்சள் எடுப்பா’ன்னே. எடுத்துட்டேன்!”

“‘மஞ்சள் எடுப்பா இருக்கணுமாம்’னு சொன்னேன்! பளிச்சுனு தெரியணும்னு அர்த்தம். அண்ணன் போன்ல சொன்னதை அப்படியே சொன்னேன்.”

“பார்லர்ல முடி காயவைக்கிற மெஷினை ஓடவிட்டுக்கிட்டே கத்தினா பாதிதானே காதுல விழும்!”

மனைவியிடம் எகிறிய லிப்ட் மெக்கானிக்கின் கையில் வெள்ளை வெளேரென்று நின்றது ரோபோ. மடக்கினால் லாரி, நிமிர்த்தினால் ரோபோ. அவர் மச்சானின் சின்ன வயசுப் பொம்மை. பல் டாக்டரான அந்த மச்சான், தன் வீட்டில் பல்பு மாட்டக்கூட மெக்கானிக்கைக் கூப்பிட்டதில்லை. மாப்பிள்ளை கைவைத்தால் உருப்படாது என்பது அவர் கட்சி. அப்பேர்ப்பட்டவர் முதல்முறையாக நம்பி ஒன்றைக் கொடுத்து, புதுசு மாதிரி ஆக்கச் சொல்லியிருந்தார். இதிலாவது பேர் வாங்கிவிட வேண்டும் என்று மெக்கானிக்குக் கொள்ளை ஆசை.

பொம்மை அழுக்கேறிக் கிடந்தது. வெள்ளை பிளாஸ்டிக் பழசாகி மஞ்சள் பாரித்துவிட்டது என்று மெக்கானிக்கே முடிவு கட்டினார். மூட்டு ஊசிகளைத் தட்டிக் கழற்றி, திருகாணிகளை சோப்பு டப்பாவில் போட்டு, கை வேறு கால் வேறாகப் பிரித்தார். மனைவியின் பார்லரிலிருந்து முடி வெளுக்கும் கிரீமை எடுத்து அப்பி, பாலிதீன் தாளில் சுற்றி மொட்டைமாடி வெயிலில் வைத்தார். மஞ்சள் போகாமல் திட்டுத் திட்டாக வெளிறியது. பிறந்ததிலிருந்தே மஞ்சளாக இருந்தது எப்படிப் போகும்? விடுவாரா? வெள்ளைப் பெயின்ட் அடித்து மூடிவிட்டார்.

“கல்யாணமானதுலேர்ந்து உங்களை என்னிக்காவது ‘ப்பா’ன்னு கூப்பிட்டிருக்கேனா?” என்றாள் மனைவி.

“அதான்! புதுசா ஆசையா கூப்பிடறியேன்னு குஷில ஓடிப்போய்ப் பிரிச்சேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டைக்கு இடைஞ்சலாயிற்றே என்று விழுங்கிக்கொண்டாள்.

“அப்ப என் கிரீமு?”

“உங்கண்ணன் பொம்மைக்குத்தானே போச்சு? பொறந்த வீட்டுக்குச் செஞ்ச சீர்னு வச்சுக்க.”

“பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சலில்ல. மறுபடி மஞ்சள அடிங்க, போங்க!”

“காய ஒரு நாள் ஆகுமேடி. உங்கண்ணன் சாயங்காலம்…”

“என்ன மாப்ளே, சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது?”

மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே வந்துவிட்டார். மெக்கானிக் ரோபோவை மேஜைமேல் வைத்துவிட்டு, அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லாததுபோல் ஜன்னலைப் பார்த்தார்.

மச்சான் கண் அதில் விழுந்தது. எடுத்தார். கையை மடக்கினார், ‘டக்’கென்று உட்கார்ந்தது. லாரியாக்கினார். மறுபடி ரோபோவாக்கினார்.

“அடேயப்பா! யாரு குடுத்தது மாப்ளே இது? ஒரு மூட்டு ஆடலியே! இந்த வெள்ளை இருக்கே, நான் தலைகீழா நின்னாலும் ஒருத்தர் பல்லுல கொண்டுவர முடியாது. உங்களைப் போய் நான் என்னமோ நெனச்சிட்டேன்.”

வருஷக்கணக்காக மெக்கானிக் ஏங்கிய வார்த்தைகள். அவற்றைக் கேட்கக்கூட நிற்காமல் துணைக்கு மனைவியைத் தேடினார். அவள் எப்போதோ அடுப்படிக்குள் நழுவியிருந்தாள்.

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

“யாரோ ஒருத்தர் பொம்மைக்கே இப்படின்னா, எனக்கு எப்படிப் பண்ணியிருப்பீங்க! கொண்டாங்க மாப்ளே, என் மஞ்சக்குட்டியக் கண்ணால பாப்போம்.”