கத்தரிக்கு அகப்படாத ஆய்வு

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவளுக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். ஒரு நலத்திட்டத்தால் பலன் உண்டா என்று யாராவது ஆய்வு செய்து அனுப்பினால், அந்த ஆய்வை நம்பலாமா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பதினோரு வருடத்தில் அவள் கையில் அகப்பட்டு முழுசாகத் திரும்பிய அறிக்கை ஒன்றுகூடக் கிடையாது.

இந்த முறை வந்தது, வீடு வீடாகப் போய்ச் சின்னக் குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டும் திட்டத்தைப் பற்றியது. பலன் இல்லை என்றது ஆய்வு. கதை கேட்ட குழந்தைகளும் கேட்காத குழந்தைகளும் ஒரே அளவுதான் பேசுகிறார்களாம். ஆய்வு சரியென்றால் திட்டத்துக்கு மூடுவிழா. அப்படி வீடு வீடாகப் போகிறவர்களில் ஒருத்தி அவளுடைய சொந்தத் தங்கை.

மேலதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். "சொந்தக் கல்யாணப் பத்திரிகையிலயே மூணு பிழை கண்டுபிடிச்ச ஆளு நீங்க. தங்கச்சிக்காகவா வளைஞ்சு கொடுக்கப்போறீங்க? நீங்களே பாருங்க."

தங்கையோ காலையிலேயே போன் செய்துவிட்டாள். "அக்கா, உலகத்துல இருக்கற எல்லா ஆய்வுலயும் ஓட்டை கண்டுபிடிக்கிற. இதுல ஒண்ணே ஒண்ணு கிடைக்காதா?"

"இருந்தா விடுவேனா?" என்றாள் அக்கா. இருக்கும் என்றுதான் நம்பினாள்.

வசதியான வீட்டுக் குழந்தைகளை ஒரு பக்கமாக ஒதுக்கியிருப்பார்கள் என்று பார்த்தாள். இல்லை, சீட்டுக் குலுக்கிப் பிரித்திருந்தார்கள். பேச்சை அளந்தவர்களுக்கு எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்றே தெரியாது. சரி, பாதியில் நின்றுபோனவர்களை மறைத்திருப்பார்கள், எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் அதுதானே! நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளில் நானூற்று ஒன்பது பேரைத் தேடிப் பிடித்து அளந்திருந்தார்கள். ஒரு குடும்பம் மூன்று முறை வீடு மாறியிருக்கிறது. விடாமல் துரத்தி, ஐந்தாவது தடவையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அகப்படாத மூன்று பேருக்கும் காரணம் எழுதியிருந்தது.

"அடேயப்பா!" என்றாள் வாய்விட்டு. பக்கத்து மேசைக்காரர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். மதியச் சாப்பாடு மறந்தே போனது. இப்படியும் மனிதர்கள் வேலை செய்வார்களா என்று அவளுக்கு மெய்சிலிர்த்தது.

பாக்கி ஒரே வழிதான். திட்டத்தை ஒழுங்காக நடத்தவே இல்லையென்றால், பலன் இல்லை என்ற முடிவுக்கு அர்த்தமே கிடையாது. வீடுகளுக்குப் போனவர்கள் எழுதிய பதிவுத் தாள்கள் கடைசியில் இணைக்கப்பட்டிருந்தன. புரட்டியதும் தெரிந்த கையெழுத்து.

'கதவு திறக்கவில்லை. இருபது நிமிடம் நின்றேன். அம்மா வந்தார். படித்தேன்.' 'நல்ல மழை. புத்தகம் நனையவில்லை.' 'எனக்குக் காய்ச்சல். போகவில்லை.' 'குழந்தை எழுந்து ஓடிவிட்டது. நான் படிப்பது சரியில்லையோ?' இரண்டு வருடம், வாராவாரம். மற்றவர்களின் தாள்களும் அப்படித்தான் இருந்தன. கூடத் தூங்கி வளர்ந்த தங்கையை அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

போனை எடுத்தாள். "தாள்ல இருக்கறபடி எல்லாரும் நிஜமாவே போனீங்களா? இல்ல, உட்கார்ந்த இடத்துல எழுதினீங்களா?"

"போகாமலா? காலு தேஞ்சுபோச்சு! ஏன்க்கா?"

அக்கா அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள். தங்கைக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் யாரும் மக்கு இல்லை.

"போகலைன்னு சொன்னா திட்டம் தப்பிச்சிடுமா?"

"இப்போதைக்குத் தப்பிச்சிடும்."

போகவில்லை என்றே சொல்லிவிடேன் என்று ஒரு கணம் மனசு கெஞ்சியதை நினைத்து அக்காவுக்கே வெட்கமாகிவிட்டது.

"போனோமே அக்கா," என்றாள் தங்கை, குரல் உடைந்து. "ஒரு வீடு விடாம போனோமே."

அக்கா பேனாவைத் திறந்தாள். காகிதச் சத்தம் தங்கைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"என்ன எழுதுற?"

"நீங்க எழுதினதை நம்பலாம்னு."