கேதீஸ்வரியின் காருக்கு எந்தச் சிங்கம்?

1.
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது ஒரு கட்டுரை. ஒரு பிரெஞ்சுக் கார்க் கம்பனியின் சின்னமான சிங்கம், முதலில் அம்பின்மேல் நடந்து, பிறகு தலை மட்டுமாகி, பிறகு பின்னங்காலில் எழுந்து நின்று, வெறும் கோடாக மெலிந்து, மறுபடி சதைபோட்ட வரலாறு. அதற்காகக் கிழக்குக் கரையோர நாவற்குடாவில் ஒரு பழைய காரைப் பார்க்கப் போனேன். சின்னம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள்.

"என்ன பாக்கிறீங்க?" என்று கேட்டபடி கேதீஸ்வரி வெளியே வந்தாள். கட்டுரை அதோடு நின்றது; அவள் சொன்னதை எழுதத் தொடங்கினேன்.

2.
கடல் ஒரு மிருகத்தைப் போல—

(அடித்துவிட்டேன். அதைக் கண்ணால் கண்டவளிடம் இந்த வரியைப் படித்துக்காட்ட முடியாது.)

2004 மார்கழி இருபத்தாறு, சுனாமி வந்த காலை, அவளுடைய கணவன் சாமித்தம்பி கல்லடிக்கு வாடகை ஓட்டம் போனான். காரை ஒரு மதிலடியில் கண்டெடுத்தார்கள். அவனைக் கண்டெடுக்கவில்லை. கிட்டத்தட்ட ஐந்து வருடம் கார் முற்றத்தில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது. அவன்தான் அவளுக்கு ஓட்டப் பழக்கியவன். அவள் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை.

3.
2009இல் யுத்தம் முடிந்தது. கிளிநொச்சிக்குக் கல்யாணம் செய்துபோன தங்கை இராசாத்தி, வவுனியா முகாமில் உயிரோடு இருப்பதாகச் செய்தி வந்தது. கார்த்திகையில் விடுகிறார்களாம்.

"பஸ்ஸில கூட்டி வரமாட்டன். எங்கட காரிலதான்," என்றாள் கேதீஸ்வரி.

அவள் 'நானா' என்று, அண்ணனாக, அழைக்கும் காத்தான்குடி மெக்கானிக் பதியுதீன் இரண்டு மாதம் உப்பைச் சுரண்டி, வேறு இஞ்சின் பூட்டினார். கடைசியில் இரண்டு சின்னங்களை நீட்டினார். ஒன்று தலை மட்டும். மற்றது நகம் நீட்டி நிற்பது.

"எது போடுற புள்ள?"

"சிங்கமும் புலியும் பாத்தது காணும் நானா. எனக்கு மிருகமே வேணாம்."

"ஓட்டை?"

"அது இரிக்கட்டும்."

(கதையில் இந்த ஓட்டைமேல் நான் ஒரு மீன் சின்னத்தை ஒட்டிப் பார்த்தேன். பாடும் மீன்களுக்குப் பேர்போன ஊர்ப்பக்கம் அல்லவா! "நான் அப்பிடிச் செய்யல்லயே," என்றாள். பிடுங்கிவிட்டேன்.)

4.
வழியில் ஒரு சோதனைச் சாவடி. சிப்பாய் ஒருவன் காரின் முகத்தைத் தடவி, உடைந்த தமிழில் கேட்டான்: "சிங்கம் எங்க?"

"கடலோட போயிட்டு. அவரும்."

அவன் காரின் முகத்திலிருந்து கையை எடுத்தான். "நான் மாத்தறை. அங்கயும் கடல் வந்தது. எங்க அம்மாவும்," என்று சொல்லித் தடையை உயர்த்தினான்.

(இவ்வளவு வசதியான சிப்பாய் வருவானா? மூன்று தரம் கேட்டேன். "வந்தவன்," என்றாள். விட்டுவிட்டேன்.)

5.
முகாம் வாசலில் இராசாத்தி ஒரு பையோடு நின்றாள். பாதியாய் மெலிந்திருந்தாள்.

"நீயா ஓட்டி வந்த, அக்கா?"

"ஓம். ஏறு."

வீடுவரை என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். கேதீஸ்வரி சிரித்தாள். "அத எழுதாதீங்க."

எழுதவில்லை. ஆனால் இந்தக் கதையில் கார் இன்னும் புறப்படவில்லை, பின்சீட்டில் இடமிருக்கிறது. விரும்பினால் நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். கதவை மட்டும் மெதுவாகச் சாத்துங்கள். இராசாத்தி சத்தத்துக்குப் பயப்படுகிறாள்.