ஒன்பதடி ஒழுங்கை

கேணியடி ஒழுங்கை என்ற அந்த ஒடுக்கமான மணல் பாதைக்குப் பஸ் வரவேண்டும் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. 1964இல் அந்த ஊர் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். பத்மாசினிக்கோ அது பிழைப்புப் பிரச்சினை. சாவகச்சேரியில் வழக்கறிஞர் சோமசேகரத்தின் கந்தோரில் தட்டெழுதும் வேலை அவளுக்கு. ஒன்றரை மைல் மணலில் நடந்து பெரிய தெருவுக்குப் போய், பெரும்பாலும் பஸ்ஸின் முதுகைத்தான் பார்ப்பாள். இன்னும் ஒருநாள் பிந்தினால் வேறு ஆள் பார்ப்பேன் என்று சோமசேகரம் சொல்லிவிட்டார்.

அவளுடைய தகப்பன் கனகசபாபதி கிராம முன்னேற்றச் சங்கத் தலைவர். ஊருக்காக எதையும் கொடுப்பார், காணியைத் தவிர. அவர் எழுதிய ஏழாவது மனுவுக்கு இரங்கி, பஸ் பகுதி உத்தியோகத்தர் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். மற்ற இடங்களில் பஸ் ஒருமாதிரி நுழையும். கனகசபாபதியின் வேலிக்கும் எதிர்வீட்டு ஏரம்புவின் வேலிக்கும் நடுவில் மட்டும் ஒன்பதடி. பழைய நில அளவைப் படத்தில் பதின்மூன்றடி இருக்கிறதே, மீதி எங்கே என்று அந்த அப்பாவி கேட்டார். வருஷா வருஷம் வேலி அடைக்கும்போது கதியால் தடிகள் ஒரு சாண் வெளியே நடந்துபோகும் சங்கதி அவருக்குத் தெரியாது. பன்னிரண்டடி இருந்தால் தையில் பஸ், இல்லாவிட்டால் பக்கத்து ஊருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதிர்ப்பக்கம் முதலில் விடட்டும் என்று இரண்டு பக்கமும் பெருந்தன்மையோடு காத்திருந்தன. பத்மாசினிக்குப் பொறுமை போயிற்று.

"ஐயா, வேலி நிண்ட இடத்திலை நிண்டா, நானும் இனி வீட்டிலைதான் நிப்பன்."

உத்தியோகம் பார்க்கிற மகள் என்ற பெருமையை இழக்க மனமில்லாமல், கனகசபாபதி ஞாயிற்றுக்கிழமை நல்லநேரம் பார்த்துத் தேங்காய் உடைத்து, வேலியை மூன்றடி உள்ளே போட்டார். ஏரம்பு தானாகவே வந்து கயிறு பிடித்து, அண்ணை கர்ணன்தான் என்று புகழ்ந்தார். பத்மாசினிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

புதன்கிழமை ஏரம்புவின் வேலி மூன்றடி முன்னுக்கு வந்து நின்றது. கேட்கப் போனவர்களுக்கு அவர் நிதானமாக விளக்கினார்.

"தன்ரை காணியெண்டா மனிசன் விடுவரோ? தன்ரை இல்லையெண்டு தெரிஞ்சுதானே பின்னுக்குப் போனவர். அப்ப அது என்ரை."

வெள்ளிக்கிழமை வந்த உத்தியோகத்தர் மறுபடி அளந்தார். ஒன்பதடி. நாடாவைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனார்.

பஸ்ஸைக் கனகசபாபதி அன்றே மறந்துவிட்டார். மூன்றடியை மறக்கவில்லை. சோமசேகரத்திடமே வழக்கைக் கொடுத்தார். கோர்ட்டுக்குச் சத்தியக் கடதாசி தட்டெழுதிக் கொடுக்கவேண்டிய நாளன்று கார்த்திகை மழை கொட்டியது. அவர் விடியவே வாடகைக் கார் பிடித்தார். நில அளவையாளரும் நான்கு சாட்சிகளும் ஏறியதில் மகளுக்கு இடமில்லை.

முழங்கால் தண்ணீரில் நடந்து, முதல் பஸ்ஸைத் தவறவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்து பத்மாசினி கந்தோருக்குள் வந்தபோது பத்து மணி. கனகசபாபதி பொறுமையிழந்து மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"நேரத்துக்கு வாற ஆளா வையுங்கோ, ஐயா. என்ரை மூண்டடியெல்லோ போகப்போகுது."

சோமசேகரம் சங்கடத்தோடு பத்மாசினியைப் பார்த்தார். கட்சிக்காரர் சொல்வதும் நியாயம்தான், இன்றைக்கு இந்தக் கடதாசியை அடித்துத் தந்துவிட்டு நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு தகப்பன்மேல் தாங்கமுடியாத கோபம். ஒரு பிழை இல்லாமல் அடித்து முடித்து, கையெழுத்துக்காக அவரிடம் நீட்டினாள்.

கனகசபாபதி கவனமாகக் கையெழுத்து வைத்தார். பிறகு, புதிதாக வருகிற ஆள் கந்தோருக்குக் கிட்ட இருக்கிற ஆளாக இருந்தால் நல்லது என்று சோமசேகரத்துக்கு ஆலோசனை சொன்னார்.