ஆர்ரின் சொன்னா சரியா இருக்கும்

வடக்கு டகோட்டாவின் அந்தச் சிற்றூரில், எழுபத்துநாலில் ஒரு விதை வியாபாரி ஆசைப்பட்டுத் தொடங்கிய ராக் பாட்டு வானொலி அது. அன்றைய பாட்டுகள்தான் இன்றும். மாலைக் குரல் ஆர்ரினுடையது. நவம்பரில் ஆர்ரின் செத்துப்போனான். குரல் மட்டும் போகவில்லை.

வாரக்கணக்கில் முன்கூட்டியே பேசிப் பதிந்துவைப்பது அவன் வழக்கம். பாட்டுகளுக்கு நடுவே கணினி ஒவ்வொன்றாக எடுத்துப் போடும். அழிக்க மனம் வராமல், நிலையத்தில் கணக்கும் கணினியும் பார்க்கும் அவன் மனைவி மார்லிஸ் அதையே சுற்றவிட்டாள். ஊரும் வாயைத் திறக்கவில்லை. நாலு மணிக்கு அவன் சிரிக்கும்போதெல்லாம் அவள் வேலையைப் போட்டுவிட்டு நிற்பாள். முழுசாகக் கேட்பாள்.

மார்ச்சில் ஒருநாள் பனிப்புயல் திடுமென இறங்கியது. அக்டோபரில் பதிந்த குரலில் ஆர்ரின் உற்சாகமாகச் சொன்னான்: "ரோடு காஞ்சு கிடக்கு மக்களே, தைரியமா கிளம்புங்க!"

நிலையத்தின் தொலைபேசி அலறியது. பக்கத்துப் பண்ணை ஆர்டிஸ்.

"மார்லிஸ், எங்க வீட்டுக்காரர் டெல்மர் லாரியை எடுத்துட்டு ஆத்துப் பாலத்து வழியா கிளம்பிப் போயிட்டாரு! செத்தவன் பேச்சைக் கேட்டா போறீங்கன்னு கத்துனேன். முப்பது வருஷமா ஆர்ரின் சொன்னா சரியாத்தான் இருக்கும்கிறாரு. போனையும் விட்டுட்டுப் போயிட்டாரு. ரேடியோ மட்டும்தான் ஓடிட்டிருக்கும்!"

மார்லிஸ் அதுவரை ஒலிவாங்கியில் பேசியதே இல்லை. "டெல்மர், பாலத்துப் பக்கம் போகாத, நில்லு..." நாக்கு குழறியது. முடிப்பதற்குள் கணினி அடுத்த பதிவைப் போட்டது.

"பயப்படாதீங்க மக்களே, நான் இருக்கேன்ல!"

அவளுக்கே பதில் சொன்ன மாதிரி இருந்தது.

ஒலிவாங்கியும் கணினி வழியாகத்தான் போகிறது; அதை நிறுத்தினால் நிலையமே ஊமையாகிவிடும். அவன் பதிவுகளைத்தான் அழிக்க வேண்டும். வேறு பிரதி கிடையாது. "மன்னிச்சுடு" என்று முணுமுணுத்து, எல்லாவற்றையும் அழித்தாள். ஒரு வார்த்தையின் நடுவிலேயே அவன் அறுந்துபோனான். பிறகு அழுதுகொண்டே எச்சரித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தரைக்கு டெல்மரே அழைத்தான், நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்திலிருந்து.

"நீ சொன்னதை எங்க கேட்டேன்? இவளுக்கு ரோட்டைப் பத்தி என்ன தெரியும்னு போய்க்கிட்டேதான் இருந்தேன். ஆர்ரின் பாதி வார்த்தையில நின்னான் பாரு, குலை நடுங்கிப்போச்சு. பக்கத்துல இருந்த இந்த பங்க்லயே வண்டிய ஓரங்கட்டிட்டேன். பாலத்துல ரெண்டு லாரி கவுந்து கிடக்காம்."

போனை வைக்கப்போனவன் மறுபடியும் கேட்டான்.

"நாளைக்கு நாலு மணிக்கு வந்துருவான்ல?"

நாலு மாதமாக வாயில் வராத சொல்லை அவள் இப்போது சொன்னாள்.

"வரமாட்டான், டெல்மர். அவன் செத்துட்டான்."