இரண்டாம் வருஷத்துக்கு வராதவர்கள்

புத்தளம் டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தத் தனியார் கல்லூரியில் மொத்தமே நாற்பது பிள்ளைகள்தான். ஆள் குறைவென்றாலும் கதைக்குக் குறைவில்லை. சிலாபத்துப் பையன்கள் உடுப்புக் காட்டத்தான் படிக்க வருகிறார்கள் என்றார்கள். தில்லையடிப் பெண்கள் கூட்டமாகத்தான் திரிவார்கள், வெளியாளை அண்டவிடமாட்டார்கள் என்றார்கள். கற்பிட்டிக் கரைப் பிள்ளைகளைப் பற்றிய கதை ஒரே வரியில் முடிந்துவிடும்: இரண்டாம் வருஷத்துக்கு வரமாட்டார்கள்.

டெனிஷாவுக்கு ஊர் கண்டக்குழி. அப்பா வின்சன்ட் கடல்தொழில் செய்கிறவர். வியாபார முகாமைத்துவ டிப்ளோமாவுக்கு அவளோடு அந்தக் கரையிலிருந்து இன்னும் மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். ஒருத்தி அக்காவோடு இத்தாலிக்குப் போனாள். ஒருவன் மாமாவின் மீன்பிடிப் போட்டில் ஏறினான். மூன்றாவது ஆள் ஜெனிஸ்டன் ஒரு திங்கட்கிழமை வரவில்லை, பிறகு வரவேயில்லை. வருஷம் முடிகிற நேரத்தில் மிஞ்சியிருந்தது டெனிஷா மட்டும்தான்.

வகுப்பில் ஒருவரும் அவளிடம் முகம் சுளித்ததில்லை. கண்டால் சிரிப்பார்கள். பேனை கேட்டால் கொடுப்பார்கள். மத்தியானம் தில்லையடிப் பெண்கள் நான்கு பேரும் கதிரைகளை இழுத்துப் போட்டு வட்டமாக உட்காருவார்கள்; டெனிஷா சோற்றுப் பார்சலோடு மாடிப்படியில் போய் இருந்து சாப்பிடுவாள். கடைசி விரிவுரை முடிந்த கையோடு கற்பிட்டி பஸ்ஸுக்கு ஓடவேண்டும். அவர்கள் தன்னை வெறுத்திருந்தாலாவது பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். இதற்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

முதலாம் வருஷத்தின் கடைசி ஒப்படையை ஹுனைஸ் சேர் கொடுத்தார். ஆராய்ச்சி முறைகள் படிப்பிக்கிறவர். நடைபாதையில் அவர் காதில் விழாத கதை இல்லை.

“ஒவ்வொருத்தரும் ஒரு கதைய எடுங்க,” என்றார். “உண்மையா பொய்யா எண்டு விசாரிச்சி வந்து வகுப்பில சொல்லணும். மத்தவங்களப் பத்தின கதை வேணாம். உங்கட ஆக்களப் பத்திச் சொல்றதத்தான் எடுக்கணும்.”

வகுப்பு சிரித்தது. டெனிஷா சிரிக்கவில்லை. அந்த ஒரு வரிக் கதையை எப்படியும் உடைத்துவிடவேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப்போட்டாள். வறுமையாக இருக்கலாம், வீட்டுக் கஷ்டமாக இருக்கலாம், யாராவது அவமானப்படுத்தியிருக்கலாம். ஏதோ ஒரு காரணம் இருக்கும்; அதைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் வைத்தால் போதும் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் களப்புப் பக்கம் நடந்தாள். வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கிறவர்களில் ஒருவனாக ஜெனிஸ்டன் நின்றான். தலைமயிர் வெயிலில் செம்பட்டை பிடித்திருந்தது. அவளைக் கண்டதும் கையை ஆட்டிக் கூப்பிட்டான்.

விஷயத்தைச் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவமானம் ஒன்றும் இல்லை என்றான். வீட்டில் கஷ்டமும் இல்லை. திரும்பச் சேர்ந்து படி என்று அம்மா இன்னமும்தான் சொல்கிறாளாம்.

“அவங்க சொன்னது சரிதான், டெனிஷா. எனக்குப் படிப்பு ஏறல்ல. வகுப்பில இருந்தாலும் இண்டைக்குக் காத்து எப்பிடி எண்டுதான் யோசிப்பன். மற்றவனும் அப்பிடித்தான். போட்டில போறதுக்கு அவன ஒருத்தரும் அடிச்சு ஏத்தல்ல.”

அவளுக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவன் படிப்பை விட்டபோது கல்லூரியிலிருந்து யாராவது கூப்பிட்டுக் கேட்டார்களா என்றாள்.

ஜெனிஸ்டன் பட்டத்தின் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தான். “இல்ல. ஏன் வரல்ல எண்டு கேட்ட முதல் ஆள் நீதான். அதுவும் பாடத்துக்கு.” சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். “உனக்கு அங்க ஆர் இருக்கா?”

யாரோ தண்ணீருக்குள்ளிருந்து அவனைக் கூப்பிட்டார்கள், அவன் ஓடினான். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. அவன் சந்தோஷமாக இருந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

வகுப்பில் சொல்லவேண்டிய நாளில் முதலில் றிஸ்னா எழும்பினாள். தில்லையடிப் பெண்களில் அதிகம் கதைக்கிறவள் அவள். குடும்பம் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது. தாங்கள் கூட்டமாகத் திரிவது உண்மைதான் என்றாள். காரணம் தேடினால் பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு வீட்டு வாப்பாமாரும் சேர்ந்து ஒரே முச்சக்கரவண்டியைப் பேசியிருக்கிறார்கள். அதில் வருகிறவர்கள்தான் கூட்டம். “வேற வண்டியில வந்திருந்தா வேற ஆக்களோட இருந்திருப்போம்,” என்றாள். வகுப்பு மறுபடி சிரித்தது.

அடுத்தது டெனிஷா. பொய் சொல்லலாமா என்று படியேறும்போதே யோசித்திருந்தாள். ஆனால் முன்னால் போய் நின்றதும் உள்ளதைத்தான் சொன்னாள். நால்வரில் மூன்று பேர் போய்விட்டார்கள். விரும்பித்தான் போனார்கள். எங்களைப் பற்றிச் சொல்கிற கதை சரி.

“அப்ப நீங்க?” என்று கேட்டார் ஹுனைஸ் சேர்.

“நான் வருவன், சேர்.”

பின்னாலிருந்து நஸ்லா, அவளும் தில்லையடிப் பெண்களில் ஒருத்தி, யோசிக்காமல் வாயை விட்டாள். “அல்லாஹ், நாங்க அடுத்த வருஷக் குழுத் திட்டத்துக்கு ஆக்கள் பிரிச்சி முடிச்சிட்டோமே. நீங்க நிக்கமாட்டீங்க எண்டு நெனச்சோம்.”

எல்லாக் குழுக்களும் போன கிழமையே பிரிந்து முடிந்திருந்தன என்பது டெனிஷாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சிலாபத்துப் பையன்கள் தங்களுக்குள் சேர்ந்திருந்தார்கள். ஒருவரும் அவளை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. அவள் இருப்பதாகவே நினைக்கவில்லை. சேர் ஏதாவதொரு குழுவில் போட்டுவிடுவதாகச் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் இருந்தாள். புள்ளி நன்றாகத்தான் கிடைத்தது.

வகுப்பு முடிந்து இறங்கும்போது றிஸ்னா படியில் அவளை மறித்தாள். நஸ்லாவுக்கு வாய் நீளம், மனதில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு, “எங்கட வண்டியில தில்லையடிச் சந்தி வரைக்கும் வாங்களேன். கற்பிட்டி பஸ் அதால தானே போகும்,” என்றாள்.

ஒருத்தியின் மடியில் ஒருத்தி ஏறி அவளுக்கு இடம்விட்டார்கள். வண்டி கிளம்பியதும் கதை ஒரு கல்யாணத்துக்குப் போனது. சுல்பா என்று ஒருத்திக்கு நிக்காஹ்வாம். என்ன நிறத்தில் உடுப்பது என்று நான்கு பேரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். தங்களுக்குள் நீ, வா, போ என்றார்கள். அவளிடம் திரும்பும்போது நீங்க என்றார்கள். றிஸ்னா இடையிடையே யார் யாருக்கு என்ன முறை என்று விளக்கப் பார்த்தாள். டெனிஷா எல்லோரும் சிரித்து முடிந்த பிறகு சிரித்தாள். மாடிப்படியில் தனியே இருந்தபோதுகூட இவ்வளவு தனியாக இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

சந்தியில் இறங்கினாள். கை காட்டினார்கள், வண்டி ஒழுங்கைக்குள் திரும்பியது. பஸ் வந்தபோது இருக்க இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாலாவி தாண்டியதும் ஃபோன் அதிர்ந்தது. றிஸ்னா அவளைத் தங்களுடைய வட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் படங்கள் வந்து குவிந்தன: சாரி, காப்பு, இன்னொரு சாரி. ஒன்றும் விளங்காமலே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தாள். எழுதினாள், அழித்தாள். நுரைச்சோலையில் சனம் இறங்கி ஒரு சீட் கிடைத்தது. அங்கே இருந்துகொண்டு ஒரேயொரு கேள்வியை அனுப்பினாள்: மாப்பிள்ளை யார்?

நான்கு பேரும் ஒன்றாக எழுதத் தொடங்கினார்கள். முதலில் வந்தது நஸ்லாவின் பதில். “உனக்குத் தெரியாதா? இரு, சொல்றேன்.”